ஆளுக்கொரு கருத்து: பிங்க் ஃபிளாய்டின் 'பைப்பர்' ஆல்பத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் வந்து சேர்வது 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம். கறுப்பு அட்டை, நடுவில் ஒரு முப்பட்டகம், அதிலிருந்து பிரியும் வண்ணக் கீற்றுகள். அதில் மயங்கி, இவர்களுடைய முதல் ஆல்பம் எது என்று தேடிப் போனால் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' வரும். 1967 ஆகஸ்டில் வந்தது. போட்டுக் கேட்டால் ஒரு குள்ள பூதம், ஒரு சோளக்கொல்லை பொம்மை, ஒரு பூனை, ஒரு சைக்கிள். நடுவில் ஏறக்குறைய ஒன்பதே முக்கால் நிமிடத்துக்கு வார்த்தையே இல்லாத ஒரு பெரிய இரைச்சல்.

அதே குழுவா இது என்று திகைத்துப்போய், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். குழப்பம் இன்னும் கூடும். இந்தக் குழு செய்ததிலேயே சிறந்தது இதுதான், அப்புறம் வந்ததெல்லாம் இதற்குக் கீழேதான் என்பார் ஒருவர். சிறுபிள்ளைத்தனம், ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியாது என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே இசை தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

நான் இந்த ஆல்பத்தோடு பல வருஷங்களாக இருக்கிறேன். இதைப் பற்றி வந்த கருத்துகளையும் விடாமல் படித்து வருகிறேன். அதில் எனக்குப் புரிந்தது இது: ஒவ்வொரு கருத்துக்குப் பின்னாலும் ஓர் இசைத்தட்டு இருக்கிறது, ஒரு வருஷம் இருக்கிறது, ஓர் ஆள் இருக்கிறார். இந்த மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால், முரண்படுவதுபோலத் தெரிகிற கருத்துகள் பலவும் தங்கள் தங்கள் இடத்தில் சரியாகவே இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: கையில் இருப்பது எந்தத் தட்டு?

பலர் தாண்டிப் போகிற இடம் இது. ஆனால் பாதிச் சண்டைக்குக் காரணமே இதுதான்.

இங்கிலாந்தில் வந்த பைப்பரில் 11 பாடல்கள். 'அஸ்ட்ரானமி டொமினி'யில் தொடங்கும், 'பைக்'கில் முடியும். அமெரிக்காவில் டவர் என்ற நிறுவனம் அக்டோபரில் வெளியிட்டதில் 9 பாடல்கள்தான். தொடக்கப் பாடல், முடிவுப் பாடல், நடுவில் 'ஃபிளேமிங்' என மூன்றை எடுத்துவிட்டு, இங்கிலாந்தில் தனிப்பாடலாக வந்து 6ஆம் இடம் வரை போன 'சீ எமிலி ப்ளே'யை முதலில் வைத்தார்கள். மீதிப் பாடல்களின் வரிசையும் மாறியது. ஒரு ஆல்பத்தின் வாசலையும் கொல்லையையும் மாற்றிக் கட்டினால் அது வேறு வீடு. அன்றைய அமெரிக்க ரசிகர் ஒருவர் இந்த ஆல்பம் பிடிபடவில்லை என்றால், அவர் கேட்டது இதைத்தான். அங்கே விற்பனைப் பட்டியலில் 131ஆம் இடத்தோடு நின்றது. இங்கிலாந்தில் 6ஆம் இடம்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது 11 பாடல் பதிப்பு. முதல் பாடலில் ஒருவர் ஒலிபெருக்கிக் குழல் வழியாக விண்மீன்களின் பெயர்களைப் படிப்பது கேட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அது குழுவின் அன்றைய மேலாளர்களில் ஒருவரான பீட்டர் ஜென்னரின் குரல்.

அப்புறம், மோனோவா ஸ்டீரியோவா? மோனோவில் எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும், ஸ்டீரியோவில் இடம் வலம் என்று பிரிந்து வரும். 1967இல் இங்கிலாந்து வீடுகளில் பெரும்பாலும் மோனோ பெட்டிகள்தான். அதனால் ஸ்டுடியோவில் நேரமும் கவனமும் மோனோ கலவைக்குத்தான் போனது. ஸ்டீரியோ பிற்பாடு வேகமாகச் செய்யப்பட்டது. இப்போது நமக்குச் சுலபமாகக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீரியோ. பழைய ரசிகர்கள் பலர் மோனோதான் அசல் என்று அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம், வெறும் பழம்பெருமை கிடையாது. 40ஆம் ஆண்டையொட்டி 2007இல் வந்த பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் கேட்டுப் பார்க்க அதுவே நல்ல வழி.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி விடுதியில் இருந்தபோது என்னிடம் இருந்த இயர்போனில் வலது பக்கம் செத்துப்போயிருந்தது. வேறு வாங்க வசதியில்லை. அதை வைத்துத்தான் மூன்று வாரம் பைப்பரைக் கேட்டேன். அந்த வார்த்தையில்லாத நீண்ட இரைச்சலின் பெயர் 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்'. அது முடிகிற இடத்தில், முதலில் வந்த அந்தக் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு இசைத்துண்டு) திரும்பி வரும். என் காதில் அது திடீரென்று அடங்கும், பிறகு எழும், மறுபடி அடங்கும். மூச்சு வாங்குவதுபோல இருந்தது. அதுதான் அந்தப் பாடலின் உச்சம் என்று நம்பினேன், அறையில் எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்து அறை நண்பன் தன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினான். "சத்தம் எங்கேயும் போகலடா, அந்தப் பக்கம் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றான். அப்போதுதான் கேட்டது. ரிஃப் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கூண்டுக்குள் அடைபட்ட ஏதோ ஒன்று சுவருக்குச் சுவர் பாய்வதுபோல.

மோனோவில் இந்த ஓட்டம் கிடையாது. அங்கே அந்த ரிஃப் நேராக நெஞ்சில் வந்து இடிக்கும். தொடக்கத்தில் ஆர்கனும் கூடுதலாகக் கேட்கும். ஆக, அந்த முடிவைப் பற்றி ஒருவர் தலை சுற்றுகிறது என்றும், இன்னொருவர் சுவர் இடிந்து விழுவதுபோல இருக்கிறது என்றும் எழுதினால் இரண்டு பேரும் உண்மையையே எழுதுகிறார்கள்.

அடுத்தது: மூன்று தடவை, எதையும் படிக்காமல்

கருத்துகளைப் படிக்கும் முன் உங்களுக்கென்று ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டத்தோடு கோவிந்தா போடுவதுதான் நடக்கும். மொத்தம் 42 நிமிடம். மூன்று தடவை என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். ஆனால் ஆறாவது பாடல் முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இது தட்டாக வந்தபோது அங்கேதான் எழுந்துபோய்ப் புரட்டிப் போட வேண்டும். 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' இரண்டாம் பக்கத்தின் முதல் பாடல். இடைவெளி விட்டுக் கேட்டால் அது ஒரு வாசலாகத் தெரியும். விடாமல் கேட்டால் நடுவழியில் கிடக்கும் பாறையாகத் தெரியும். ரொம்ப நீளம் என்ற புகாரில் பாதி இந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இரண்டாம் தடவை ஒரே ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். ரிச்சர்ட் ரைட்டின் ஆர்கனைப் பிடிக்கச் சொல்வேன். எல்லோரும் குழுவின் அன்றைய பாடகரும் பாடலாசிரியருமான சிட் பாரெட்டின் கிட்டாரைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் சிகரெட் லைட்டரைக் கம்பிகள்மேல் இழுத்து எழுப்பும் சறுக்கல் ஒலிகளும், பின்ஸன் எதிரொலிக் கருவி அவற்றை இரட்டித்து அனுப்புவதும் உண்மையிலேயே அபாரம்தான். ஆனால் அந்தக் கிட்டார் மிதப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவது ரைட். 'மெட்டில்டா மதர்' பாடலின் நடுப்பகுதியைக் கேளுங்கள். தாய் கதை படித்துக்கொண்டே இருக்கிறாள், திடீரென்று நிறுத்திவிடுகிறாள், பிள்ளை இன்னும் சொல் என்று கெஞ்சுகிறது. இதுதான் பாட்டின் விஷயம். கதை நின்ற இடத்தில் ஆர்கன் எடுத்துக்கொள்கிறது, கிழக்கத்திச் சாயலில் வளைந்து வளைந்து ஏறுகிறது. தாய் சொல்லாமல் விட்டதை அது சொல்கிறது. பாட்டின் பெரும்பகுதியைப் பாடுபவரும் ரைட்தான். ஆல்பம் முழுக்க சிட்டின் குரல் என்று யாராவது எழுதியிருந்தால், அவர் இந்தப் பாடலைக் கவனமாகக் கேட்கவில்லை.

மூன்றாம் தடவை ஒரு தாளும் பேனாவும். பாடலுக்கு ஒரு வரி போதும். நன்றாக இருக்கிறது, பிடிக்கவில்லை என்று எழுத வேண்டாம். காதில் விழுந்ததை எழுதுங்கள். வாயால் எழுப்பும் விசித்திரச் சத்தங்களில் தொடங்குகிறது, அப்புறம் பியானோ வருகிறது ('பவ் ஆர். டாக் எச்.'). குளம்படி மாதிரித் தாளம், கடைசியில் வாசிப்பு திடீரென்று கனமாகிறது ('தி ஸ்கேர்குரோ'). இப்படி. இந்தத் தாள்தான் இனிமேல் உங்கள் அளவுகோல்.

1967இல் சொன்னவர்கள்

இப்போது படிக்கலாம், பழையதிலிருந்து தொடங்கி. இசைப் பத்திரிகைகள் நன்றாகவே வரவேற்றன. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், ரெக்கார்டு மிரர் இரண்டும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தன. பால் மெக்கார்ட்னிக்குப் பிடித்திருந்தது. அவர் பக்கத்திலேயே இருந்தவர் என்றும் சொல்லலாம். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பைப்பர் பதிவாகத் தொடங்கிய வாரங்களில் அதே கட்டடத்தில்தான் பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். பைப்பரின் தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், 1965 வரை பீட்டில்ஸுக்கு ஒலிப்பதிவு செய்தவர்.

புகழ்ச்சியைவிட நமக்கு அதிகம் சொல்லித்தரக்கூடியது ஒரு வசவு. 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டுக்கு இந்த ஆல்பம் அறவே பிடிக்கவில்லை. கடுமையான வார்த்தையிலேயே சொன்னார். அவர் பிங்க் ஃபிளாய்டின் எதிரி இல்லை, மேடையில் அவர்களை வியந்து பார்த்தவர். அவருடைய குறை, மேடையில் கேட்டதற்கும் தட்டில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பது.

அந்த மேடை எது என்று தெரிந்தால்தான் இது புரியும். டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் 1966 டிசம்பரில் தொடங்கிய யூஎஃப்ஓ கிளப். இரவு முழுக்க நடக்கும். எண்ணெயும் சாயமும் குழைத்த கண்ணாடிச் சில்லுகள் வழியே விளக்கைப் பாய்ச்சுவார்கள். வாசிப்பவர்கள்மேல் வண்ணக் குமிழிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு பாடலுக்கு முடிவு என்பது வாசிப்பவர்களுக்குத் தோன்றும்போதுதான். நார்மன் ஸ்மித் வேறு பள்ளி. பாட்டு என்றால் மூன்று நிமிடம், தெளிவான குரல், சரியான முடிவு. அவருடைய கட்டுப்பாட்டால்தான் 11இல் பெரும்பாலானவை கச்சிதமான பாடல்களாக நிற்கின்றன. மேடையின் காட்டாற்றுக்கு ஒதுக்கியது அந்த 9 நிமிடம் 41 விநாடி மட்டும்.

டவுன்ஷெண்ட் சொன்னது நியாயமா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1967 ஜனவரியில், இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு, சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் இவர்கள் அதே 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்'வை ஒரு ஆவணப்படத்துக்காக வாசித்தார்கள். கிட்டத்தட்ட 17 நிமிடம். தேடினால் கிடைக்கும். ஒரு மாலையில் அதைக் கேளுங்கள், மறுநாள் ஆல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள். எனக்கு முதலாவது பெரிய வெளியாகவும், இரண்டாவது அந்த வெளியைக் காட்டும் சன்னலாகவும் படுகிறது. டவுன்ஷெண்டின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அந்த அடித்தளத்தில் நின்றதில்லை. என்னிடம் இருப்பது சன்னல்தான், அது எனக்குப் போதுமானதாகவும் இருக்கிறது.

பின்னால் வந்த கருத்துகள்: இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்

1968 ஜனவரியில் கிட்டார் வாசிக்கும் டேவிட் கில்மோர் குழுவில் சேர்ந்தார், ஏப்ரலில் சிட் பாரெட் விலகினார். 1973இல் டார்க் சைட் வந்து உலகத்தையே பிடித்தது. அதே வருஷக் கடைசியில் முதல் இரண்டு ஆல்பங்களையும் சேர்த்து 'எ நைஸ் பேர்' என்று மறுபடி வெளியிட்டார்கள். அப்போதிலிருந்து பெரும்பாலோர் பைப்பருக்குப் பின்பக்க வாசல் வழியாகத்தான் வருகிறார்கள், நாம் வந்ததுபோல. அமெரிக்காவில் அந்த இரட்டைத் தட்டிலும் ஒரு குளறுபடி உண்டு. 'அஸ்ட்ரானமி டொமினி'க்குப் பதிலாக 1969இன் மேடைப் பதிவை வைத்துவிட்டார்கள். அதில் வாசிப்பது கில்மோர். சிட் கிட்டாரைப் பற்றிய ஏதாவது ஒரு பழைய அமெரிக்கக் கருத்து உங்கள் காதுக்குப் பொருந்தாவிட்டால் இதையும் நினைவில் வையுங்கள்.

பின்வாசல் வழியே வருபவர்களின் முதல் புகார், கில்மோர் பாணி நீண்ட கிட்டார் இல்லை என்பது. அவர் அப்போது குழுவிலேயே இல்லை. அதனால் அந்தப் புகாரை ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது வகை என்னை வருத்தப்படுத்துவது. சிட் பாரெட்டின் மனநலம் பின்னாளில் குன்றியது. இசை உலகை விட்டு விலகி, கேம்பிரிட்ஜில் ஓவியமும் தோட்டமுமாக அமைதியாக வாழ்ந்து, 2006 ஜூலையில் 60 வயதில் இறந்தார். இந்தக் கதை தெரிந்த பிறகு பலரால் ஆல்பத்தைத் தனியாகக் கேட்க முடிவதில்லை. 'பைக்' பாடலின் கடைசியில் வரும் கடிகாரங்கள், மணிகள், வாத்து கத்துவதுபோன்ற அந்தச் சுழல் ஒலி எல்லாம் நோயின் அறிகுறி என்று எழுதுகிறார்கள். பைத்தியக்கார மேதை என்று பட்டமும் கட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். அந்தப் பாட்டில் ஒரு பையன் தனக்குப் பிடித்த பெண்ணிடம் தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். சைக்கிள், மேலங்கி, எலி, இஞ்சி ரொட்டி பொம்மைகள். கடைசியில் இசைப் பொறிகள் நிறைந்த அறைக்கு வா என்கிறான். அந்த அறைதான் நாம் கேட்கிற சத்தம். ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, திட்டமிட்டு, ஸ்டுடியோவில் ஆட்கள் உட்கார்ந்து செய்த வேலை. செய்தபோது சிட்டுக்கு 21 வயது. 11 பாடல்களில் 8 அவர் தனியாக எழுதியவை. வேலை தெரிந்த ஒருவனின் கைவேலையை நோய்க்குறிப்பாகப் படிப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

தரவரிசைகள் விஷயம் சீக்கிரம் முடியும். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் 347ஆம் இடம், 2020இல் 253. ஆல்பம் அதே ஆல்பம்தான். வாக்களித்தவர்கள் மாறினார்கள்.

சிறுபிள்ளைத்தனம் என்ற புகார்

'தி நோம்' பாடலைத்தான் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். குள்ள பூதம் ஒன்று சட்டை போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறது, அவ்வளவுதான். புகார் சொல்பவர்கள் காதில் விழுந்தது சரியே. அதற்கு அவர்கள் கட்டும் விலைதான் தவறு என்பேன்.

ஆல்பத்தின் பெயரே ஒரு சிறுவர் நூலின் ஏழாம் அத்தியாயத் தலைப்பு. கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய 'தி விண்ட் இன் தி வில்லோஸ்'. அதில் காணாமல் போன நீர்நாய்க் குட்டியைத் தேடி எலியும் அகழெலியும் இரவெல்லாம் ஆற்றில் படகு விடுகின்றன. விடியும் நேரத்தில் ஒரு குழலோசை கேட்கிறது. அதைப் பிடித்துப் போனால் குழலூதும் தெய்வத்தின் காலடியில் குட்டி தூங்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பார்த்ததெல்லாம் அவற்றுக்கு மறந்துபோகிறது. குழந்தைக் கதைக்குள் நடுக்கம் தரும் அளவுக்குப் பெரிய ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைவது: இந்த ஆல்பம் முழுக்க அதைத்தான் செய்கிறது. அண்டவெளி இரைச்சல் முடிந்த கையோடு குள்ள பூதம் வருவது அதனால்தான். 'சாப்டர் 24' ஐ சிங் என்ற பழைய சீனக் குறிநூலிலிருந்து எடுத்தது. அதுவும் குழந்தை எண்ணிப் பார்ப்பதுபோலத்தான் எண்ணுகிறது.

எல்லாப் புகாரையும் நான் மறுக்கவில்லை. குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் எழுதிய 'டேக் அப் தை ஸ்டெதஸ்கோப் அண்ட் வாக்' பலவீனமானது என்று ரசிகர்கள் பலர் சொல்வதை ஏற்கிறேன். வார்த்தைகள் வெறுமனே சத்தத்துக்காக அடுக்கியவை. அதன் நடுவில் ஆர்கனும் கிட்டாரும் ஒன்றை ஒன்று துரத்தும் பகுதி மட்டும் தப்பிக்கிறது.

கடைசி வேலை: உங்கள் கருத்தை எழுதுவது

இப்போது அந்தத் தாளை எடுங்கள். படித்ததால் மாறியது எது, மாறாதது எது என்று பாருங்கள். மாறாததை முதலில் எழுதுங்கள். எந்தப் பதிப்பு, மோனோவா ஸ்டீரியோவா, எதில் கேட்டீர்கள் என்று மேலே ஒரு வரி போடுங்கள். அப்புறம் நிமிடத்தைக் குறிப்பிடுங்கள், வாத்தியத்தைப் பெயர் சொல்லுங்கள். "மனதை எங்கேயோ கொண்டுபோகிறது" என்பது படிப்பவருக்கு எதையும் தராது. "தாய் கதையை நிறுத்தியதும் ஆர்கன் வருகிறது, அங்கே எனக்கு அழுகை வந்தது" என்றால் அவர் போய்க் கேட்டுப் பார்க்க முடியும், வராவிட்டால் உங்களோடு சண்டையும் போட முடியும். நட்சத்திரம் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்டாயம் என்றால் ஒரு மாதம் கழித்துப் போடுங்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டியது 1968 ஜூனில் வந்த 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. அதில் சிட் எழுதியது கடைசிப் பாடல் ஒன்றுதான், 'ஜக்பேண்ட் புளூஸ்'. நடுவில் ஒரு பித்தளை வாத்தியக் குழு நுழைந்து வாசிக்கும், பிறகு எல்லாம் நின்று அவர் மட்டும் ஒரு கிட்டாரோடு இருப்பார். அதை ஹெட்போனில், இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.